தடுப்பூசியின் ஆற்றல் தேய்வதேன்?

“ரெண்டு ஊசியும் போட்டாச்சே, மூனாவது எதுக்கு?”

2021-ஆம் ஆண்டின் இறுதியில், காப்பாரில் உள்ள எங்கள் வீட்டில் பாட்டி கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை. பாட்டியும் போட்டுக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தில் பயிலும்போதுதான் விடை விளங்கியது.

வாசகர்களே, தடுப்பூசி நம் உடலில் இருவகைக் காவலை உருவாக்குகிறது. முதலாவது, எதிர்ப்பொருள். இது கிருமியைப் பற்றிக்கொண்டு, உயிரணுக்குள் நுழையவிடாமல் தடுக்கும். இரண்டாவது, நினைவணுக்கள். இவை கிருமியின் அடையாளத்தை நீண்ட காலம் மறப்பதில்லை.

எதிர்ப்பொருளைச் சுரக்கும் அணுக்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் மடிகின்றன. எனவே, எதிர்ப்பொருளின் அளவு மாதந்தோறும் குறைகிறது. நினைவணுக்கள் விழித்துப் பெருகவோ சில நாள்கள் தேவை. கோவிட் கிருமி அதற்குள் மூக்கிலும் தொண்டையிலும் பெருகிவிடுகிறது. அதனால்தான் ஊசி போட்டவருக்கும் தொற்று வருகிறது. எனினும், நோய் முற்றுவதற்குள் நினைவணுக்கள் எழுந்து போராடுவதால், பலர் கடுமையான பாதிப்பிலிருந்து தப்புகின்றனர். தட்டம்மைக் கிருமி அதிகம் உருமாறுவதில்லை. நோய் வெளிப்படவும் ஏறக்குறைய பத்து நாள்கள் ஆகும். ஆதலால், அதன் தடுப்பூசி நெடுங்காலம் காக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை இரண்டு ஊசிகளையும் முடித்தவர்களையும், ஜூலை, ஆகஸ்டில் முடித்தவர்களையும் மலேசிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். செப்டம்பர் மாதத் தொற்றுக்கு எதிராக, பைசர் ஊசியின் பலன் பிந்திப் போட்டவர்களிடம் ஏறக்குறைய 91 விழுக்காடு. முந்திப் போட்டவர்களிடம் 79 விழுக்காடு. சினோவேக்கின் பலனோ ஏறக்குறைய 75 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டிற்கு இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் நிலையைத் தடுப்பதில் பைசர் நிலைத்து நின்றது. சினோவேக் அதிலும் தளர்ந்தது. 2021 அக்டோபரில் நம் நாட்டில் ஊக்கத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. அது எதிர்ப்பொருளை மீண்டும் உயர்த்தும், நினைவணுக்களையும் கூர்மையாக்கும்.

சினோவேக் போட்டவர்களுள் என் பாட்டியும் ஒருவர். முதுமையில் எதிர்ப்பாற்றல் இயல்பாகவே குறைவு. ஒமிக்ரோன் பரவிய 2022 மார்ச்சில் அவருக்கும் கோவிட் கண்டது. பத்து நாள் மூச்சுவாங்கிக் கிடந்து மீண்டார்.

ஆற்றல் தேய்வதால் தடுப்பூசி தோற்றுவிட்டது என்று பொருளன்று; காவலைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது என்றே பொருள். இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல அன்று எங்கள் வீட்டில் ஆளில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், நீங்கள் சொல்லுங்கள்.