மருந்தின் வடிவமும் அதன் ஆயுளும்

சங்கத்தின் நூற்கிடங்கைத் தணிக்கை செய்யும்பொழுது, சரக்கு எந்தத் தேதியில் வந்தது என்பதையே நாம் முதலில் கேட்கிறோம். விதைக்கும் அதே கேள்விதான். வீட்டு மாடத்தில் இருக்கும் மருந்துப் பொட்டலத்தைக் குறித்து மட்டும் அக்கேள்வி எழுவதில்லை. நாட்டு மருந்து கெடாது என்ற எண்ணமே இதற்குக் காரணம். சித்த மருத்துவ நூல்களோ அவ்வாறு கூறவில்லை. உள்மருந்துகளை 32 வகையாகவும் புறமருந்துகளை 32 வகையாகவும் பகுத்த அந்நூல்கள், உள்மருந்துகளுக்கு ஆயுட்காலத்தையும் விதித்துள்ளன.

பச்சிலைச் சாறு, அரைத்த கற்கம், குடிநீர் ஆகியவற்றின் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரமே. குடிநீர் என்பது சரக்குகளை ஒன்றிரண்டாக இடித்து, நீரிலிட்டுக் காய்ச்சி, நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றவைத்து வடிப்பது. நீரே அதற்கு அடிப்படை. ஆகவே அது விரைவில் கெடும். 2012-இல் டெங்குக் காய்ச்சல் பரவியபொழுது தமிழக அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் வழங்கப்பட்டதை அங்கத்தினர்கள் அறிவார்கள். நிலவேம்பு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு முதலிய ஒன்பது சரக்குகள் சேர்ந்தது அது. காலையில் ஒரு பானை காய்ச்சி, தறியிலிருந்து எழும்போதெல்லாம் ஒரு குவளை என்று இரவு வரை குடிப்பது தவறு. இடித்த பொடியை ஈரம் படாமல் வைத்துக்கொண்டு, வேளைக்கு வேண்டியதை அவ்வப்போது காய்ச்சுவதே முறை.

சூரணத்தில் நீர் இல்லை. எனவே மூன்று மாதம் நிற்கும். சுக்கின் மேல்தோலையும் கடுக்காயின் கொட்டையையும் நீக்கி, உலர்த்தி, இடித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். இதற்கு வஸ்திரகாயம் என்று பெயர். நெருக்கமாக நெய்த துணி இல்லையேல் நல்ல சூரணமும் இல்லை. நெசவாளர் இதில் சிறிது பெருமை கொள்ளலாம்!

சருக்கரைப் பாகில் செய்யும் மணப்பாகு, பாகோடு நெய்யும் தேனும் சேர்த்துக் கிண்டும் இளகம், மருந்து நெய் ஆகியவற்றிற்கு ஆறு மாதம். எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் ஓர் ஆண்டு. எண்ணெய் காய்ச்சுவோர் அடியில் தங்கும் கற்கத்தைச் சிறிது எடுத்து நெருப்பிலிட்டுப் பார்ப்பார்கள். சடசடவென்று ஓசை எழுந்தால் நீர் இன்னும் வற்றவில்லை என்பது பொருள். அப்பொழுதே இறக்கினால் அவ்வெண்ணெய் பூசணம் பிடிக்கும்; ஓராண்டுக் கணக்கு அதற்குச் செல்லாது.

மெழுகு ஐந்து ஆண்டு, செந்தூரம் 75 ஆண்டு, பற்பம் 100 ஆண்டு, சுண்ணம் 500 ஆண்டு என்று கணக்கு ஏறுகிறது. (கடைசிக் கணக்கைத் தணிக்கை செய்தவர் எவருமிலர்.) உலோகத்தையும் பாடாணத்தையும் சுத்தி செய்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, அகலில் வைத்து மூடி, மண் பூசிய துணியைச் சுற்றி, வறட்டி அடுக்கிப் புடமிட்டு எடுப்பவை இவை. சுற்றும் துணிக்குச் சீலைமண் என்று பெயர். இவற்றை வீட்டில் செய்ய முயலவே கூடாது. சுத்தியிலோ புடத்திலோ குறை நேர்ந்தால் ஈயமும் பாதரசமும் உடலில் தங்கிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். எவ்வளவு உண்பது, தேனிலா நெய்யிலா என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

1964-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சித்த மருந்துகளும் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்திற்குள் தனி அத்தியாயமாக வந்தன. விற்பனைக்கு வரும் மருந்தின் சீட்டில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவை இருத்தல் வேண்டும். நூல் நூறாண்டு கூறினாலும் வாங்குவோர் சீட்டிலுள்ள நாளையே கொள்ள வேண்டும். சந்தையில் சீட்டின்றிக் கரண்டியால் அள்ளித் தரும் செந்தூரத்தை, விலை மலிவு என்பதற்காக வாங்க வேண்டா. 1944-இல் மருத்துவர்களே கூட்டுறவு முறையில் சென்னையில் தொடங்கிய இம்ப்காப்ஸ் நிறுவனம் இம்மருந்துகளைச் சீட்டுடன் விற்கிறது. சங்கப் பண்டகசாலைகள் மருந்து வாங்கி வைப்பதானால், இருப்புப் பதிவேட்டில் காலாவதி நாளுக்கென ஒரு பத்தி ஒதுக்கிக்கொள்க. அடுத்த தணிக்கையில் அதையும் நாம் பார்ப்போம்.