கேசினோ இல்லாத கடற்கரையில் சொகுசாகத் தங்க…

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கத்தில் பெரிய ரிசார்ட்டுகள் நிறைய. நீச்சல் குளம் உண்டு, ஸ்பா உண்டு, மணலைத் தொட்டபடி வில்லாக்கள் உண்டு. கேசினோ மட்டும் எதிலும் கிடையாது. காசு வைத்து ஆடுவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1930-லிருந்தே இருக்கிறது. 2003-இல் லாட்டரிச் சீட்டும் போயிற்று. ஆடியே தீருவேன் என்பவர் கோவாவுக்கோ சிக்கிமுக்கோ, கையில் பாஸ்போர்ட் இருந்தால் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போகிறார்.

அங்கே விடுதியின் வருமானக் கணக்கே வேறு. 2010-இல் திறந்த சிங்கப்பூர் மரீனா பே சாண்ட்ஸில் அந்நாட்டுக் குடிமக்கள் கேசினோவுக்குள் நுழைய ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். பெரிய தொகை வைத்து ஆடுபவருக்கு அறையையும் சாப்பாட்டையும் இனாமாகவே கொடுப்பது கேசினோ விடுதிகளில் வழக்கம். கொடுத்தது மேசையில் திரும்பி வந்துவிடும்.

மாமல்லபுரத்தில் அந்த மேசை இல்லை. ஆகவே அறை வாடகை, சாப்பாடு, கல்யாணம், கம்பெனிக் கூட்டம் ஆகியவற்றில்தான் விடுதி சம்பாதித்தாக வேண்டும். இது புரிந்தவர் எப்போது போவது, எதற்குப் பணம் கொடுப்பது, எதை விடுவது என்று எளிதாக முடிவு செய்துவிடுவார்.

முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கடலோரக் கல்யாணம் இப்போது இந்தப் பக்கம் பெரிய வியாபாரம். சுபமுகூர்த்த நாளில் போனால் வாடகையும் ஏறியிருக்கும். புல்வெளியில் சங்கீத் நிகழ்ச்சியின் ஒலிபெருக்கி இரவு வரை அதிரும். காலைச் சிற்றுண்டிக்கு மாப்பிள்ளை வீட்டார் வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். “அன்றைக்கு விசேஷம் ஏதும் புக் ஆகியிருக்கிறதா?” என்று முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாட்களில் போனால் அதே அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். மார்கழி முகூர்த்தமில்லாத மாதம்தான், ஆனால் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் அதைச் சரிக்கட்டிவிடும்.

அடுத்தது வரி. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்குள் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். 12,000 ரூபாய் என்று விளம்பரத்தில் பார்த்த அறை பில்லில் 14,160 ஆகிவிடும். இத்தகைய விடுதிக்குள் இருக்கும் உணவகத்திலும் 18 சதவீதம்; வாசலுக்கு வெளியே சாதாரண உணவகத்தில் 5. காலைச் சிற்றுண்டி சேர்ந்த அறையை எடுத்து நிதானமாக, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மதியம் ஊருக்குள் போய் மீன் வறுவலோடு சாப்பிடுவதே இதை எழுதுகிறவர் கண்ட வழி. சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கலாமா என்றால், சில இடங்களில் அந்தப் பெயருக்குப் பின்னால் கதை இருக்கிறது. கோவளத்தின் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் 1974-இல் திறக்கப்பட்டது. பழைய கோட்டை இருந்த இடம் அது. கோவளம் கோட்டையை 1752-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தவர் ராபர்ட் கிளைவ். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கைச் சந்திக்க வந்த பிரதமர் மோடி தங்கியது இந்த விடுதியில்தான். அதிகாலையில் அவர் கடற்கரைக் குப்பை பொறுக்கிய படம் நாடெங்கும் சுற்றியது. மாமல்லபுரத்தின் டெம்பிள் பே முன்பு மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகமான ஐ.டி.டி.சி.யின் விடுதி. அரசு கைகழுவிய பிறகு ஜி.ஆர்.டி. குழுமத்துக்கு வந்தது. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஃபோர் பாயின்ட்ஸ் விடுதியில் 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இந்தக் கடற்கரையில் உலகமே கூடிய ஆட்டம் என்றால் அதுதான்.

அறை தேர்ந்தெடுக்கும்போது திசையை மறக்கக் கூடாது. இது கிழக்குக் கடல். சூரியன் உதிப்பதுதான் பால்கனியில் தெரியும், மறைவதல்ல. காலை ஒன்பது மணிக்கு எழுகிறவர் கடல் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். தோட்டம் பார்த்த அறை போதும்.

கடலைப் பார்ப்பது வேறு, இறங்குவது வேறு. மாமல்லபுரத்தில் அலை இழுப்பு அதிகம். நீச்சல் தெரிந்தவர்களும் மாட்டிக்கொண்டு உயிர் விட்டிருக்கிறார்கள். விடுதிக் காவலாளி தடுத்தால் சண்டை போட வேண்டாம். அலையில் விளையாட ஆசை இருந்தால் கோவளத்தில் சர்ஃபிங் சொல்லித்தரும் மீனவ இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் முன்பதிவு செய்பவர் பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தையே எடுக்க வேண்டும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான்.

விடுதிக்குள்ளேயே அடைந்து கிடப்பது கேசினோ ஊருக்குச் சரி. இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் வெளியே, பல்லவர் காலத்திலிருந்து நிற்கிறது. கடற்கரைக் கோவிலும் ஐந்து ரதங்களும் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும். இரண்டுக்கும் ஒரே சீட்டு. அந்நேரத்தில் போனால் பாறை சுடாது, சுற்றுலாப் பேருந்துகளும் வந்திருக்காது. எட்டரைக்குத் திரும்பினால் சிற்றுண்டியும் தப்பாது. அர்ச்சுனன் தபசுக்குச் சீட்டே வேண்டாம்.

மலேசியா, சிங்கப்பூர் உறவினரோடு போகிறவர்கள் அவர்களுடைய பாஸ்போர்ட்டையும் விசாவையும் கையோடு வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடிமகன் தங்கினால் அவருடைய விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்புவது விடுதியின் கடமை. ஆவணம் இல்லாவிட்டால் வரவேற்பு மேசையில் காத்திருப்புதான்.

மதுரை, திருச்சிப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். செங்கல்பட்டில் நிற்கும் ரயிலாகப் பார்த்து அங்கேயே இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்தால் ஒரு மணி நேரம் போதும். ஞாயிறு மாலை கிழக்குக் கடற்கரைச் சாலை நகராது என்பதால், சென்னைக்காரர்களும் திரும்பும்போது இதே வழியில் செங்கல்பட்டு வந்து மின்சார ரயில் பிடிக்கலாம்.