விளையாட்டு மகளிரின் உடற்கொழுப்பை அளக்கும் முறைகள்

திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் 1985-ஆம் ஆண்டில் இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி நிறுவப்பெற்றது. இத்தகைய நிலையங்களிலும் பள்ளிகளிலும் மகளிருக்குப் பயிற்சி அளிப்போர் எடைக் கருவியை மட்டும் நம்புதல் போதாது. 55 கிலோகிராம் எடையுள்ள இருவருள் ஒருத்தியின் உடலில் கொழுப்பு 15 சதவீதமும், மற்றவளின் உடலில் 25 சதவீதமும் இருக்கக்கூடும். முன்னவளிடம் உள்ள கொழுப்பு 8.25 கிலோகிராம், பின்னவளிடம் 13.75 கிலோகிராம். எடை இவ்வேற்றுமையைக் காட்டாது. இதனை அறிய நான்கு முறைகள் பெரிதும் கையாளப்படுகின்றன.

1. நீருள் எடை காணல்: கொழுப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.90 கிராம், தசை, எலும்பு முதலியவற்றின் சராசரி அடர்த்தி ஏறத்தாழ 1.10 கிராம். நிலத்திலும் நீருள்ளும் எடை கண்டு உடலின் அடர்த்தியைக் கணிப்பர். 1961-இல் சிரி என்பார் தந்த வாய்பாட்டின்படி, 495-ஐ அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழித்தால் கொழுப்பின் சதவீதம் கிடைக்கும். அடர்த்தி 1.05 எனின் கொழுப்பு 21.4 சதவீதம். நுரையீரலில் எஞ்சும் காற்றையும் கணக்கிடவேண்டும். நீரில் மூழ்க அஞ்சுவோருக்கு இம்முறை ஒவ்வாது.

2. தோல்மடிப்பு அளத்தல்: மேற்கையின் பின்புறம், இடுப்பெலும்பின் மேற்பகுதி, தொடை ஆகிய இடங்களில் தோலைக் கிள்ளிப் பிடித்து, மடிப்பின் தடிப்பைக் காலிப்பரால் அளப்பர். செலவு குறைவு, மைதானத்திலேயே செய்யலாம். ஆயினும் அளப்பவர் மாறினால் அளவும் மாறும். பெரிதும் வழங்கும் வாய்பாடுகள் மேனாட்டு மக்களை அளந்து வகுக்கப்பெற்றவை. இந்திய மகளிருக்கு அவை முற்றும் பொருந்தா.

3. மின்தடை முறை: கொழுப்பு நீங்கிய உடற்பகுதியில் ஏறத்தாழ 73 சதவீதம் நீர், அதன் வழியே மின்சாரம் எளிதிற் பாயும். உடலில் நீர் குறைந்தால் தடை மிகுந்து, கருவி கொழுப்பை மிகைப்படுத்திக் காட்டும். கடலோரத்து ஈரக் காற்றில் பயின்று மிகுதியாக வியர்ப்போரிடம் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

4. இரட்டை எக்ஸ்கதிர் முறை: இருவேறு ஆற்றலுடைய கதிர்களைச் செலுத்தி எலும்பு, கொழுப்பு, தசை ஆகியவற்றைப் பிரித்தறிவர். எலும்பின் உறுதியையும் இது காட்டும். ஆனால் கருவி விலையுயர்ந்தது. கருவுற்ற மகளிருக்கு இதனைத் தவிர்த்தல் வேண்டும்.

ஒரு முறையில் பெற்ற எண்ணை மற்றொரு முறையின் எண்ணோடு ஒப்பிடலாகாது. ஒரு மாணவிக்கு ஜூன் மாதத்தில் காலிப்பர் 22 சதவீதமும், ஆகஸ்டில் மின்தடைக் கருவி 26 சதவீதமும் காட்டின எனக் கொள்க. அவள் உடல் சிறிதும் மாறாதிருந்திருக்கலாம். அதனை அறியாத ஆசிரியர் உணவைக் குறைக்கச் சொன்னால் விளையும் தீங்கு பெரிது. மகளிர் உடலுக்கு ஏறத்தாழ 12 சதவீதக் கொழுப்பு இன்றியமையாதது. ஆடவருக்கோ 3 சதவீதமே. பயிற்சிக்கு ஈடான உணவு கிட்டாதபோது மாதவிலக்கு நின்று, எலும்பு நலிந்து, முறிவும் நேரக்கூடும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்நிலையைக் குறித்து விளக்க அறிக்கை வெளியிட்டுள்ளது.

ஆதலின், கையிலுள்ள ஒரே முறையை, ஒரே அளவையாளரைக் கொண்டு, காலையில் உணவுக்கும் பயிற்சிக்கும் முன்னர்க் கையாளுதல் நன்று. சில மாத அளவுகளைச் சேர்த்தே முடிவு காணவேண்டும். அளவுகளை மாணவியர் பலர் முன்னிலையில் வாசித்தல் தகாது. மாதவிலக்கு நின்றதாக ஒருத்தி கூறின், கருவி எந்த எண்ணைக் காட்டினும், அவளை மருத்துவரிடம் அனுப்புதலே ஆசிரியரின் முதற்கடமையாகும்.