கல்லைப் பழக்கணும்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அனுப்பிய நான்கு கட்டுரைகளையும் படித்தேன். நடை தடங்கலில்லாமல் ஓடுகிறது. ஆனால் வார்ப்பிரும்பு தோசைக்கல் பற்றிய கட்டுரையில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். புதுக் கல்லை முதலில் “பருவப்படுத்த வேண்டும்” என்று எழுதியிருக்கிறாய். எந்த வீட்டிலம்மா அப்படிச் சொல்கிறார்கள்? உன் அப்பத்தா “கல்லைப் பழக்கணும்” என்றுதான் சொல்வார். சீசனிங் என்பதை யாரோ அகராதியைப் பார்த்து மாற்றி இணையத்தில் போட, நீ அதை அப்படியே எடுத்துக்கொண்டாய்.

சொல்லுக்கு இத்தனை பைசா, நாளைக்கு மூன்று கட்டுரை என்று வேலை வந்தால், நாலு பக்கங்களைத் திறந்து வைத்துக் கலந்து எழுதத்தான் கை போகும். எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வேலையை இப்போது இயந்திரம் உன்னைவிட வேகமாகச் செய்கிறது. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன். நீ போய்ப் பார்த்தது, கேட்டது ஒன்றாவது கட்டுரைக்குள் இருக்க வேண்டும் கண்ணு.

பாத்திரக்கடையில் பத்து நிமிஷம் நின்று கேட்டிருந்தால் போதும். அரிசி கழுவிய தண்ணீரில் கல்லை இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, நன்றாகத் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து, எண்ணெய் தடவிக் காயவைப்பார்கள். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்ப்பார்கள். முதல் தோசைகள் பிய்ந்துதான் வரும். அதையும் எழுது, வாங்கியவள் கல் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க மாட்டாள். எதற்கு எண்ணெய் என்பதையும் சொல். சூட்டில் எண்ணெய் இறுகி இரும்பின் மேல் மெல்லிய படலமாகப் பிடித்துக்கொள்கிறது. மாவு ஒட்டாமல் வருவது அதனால்தான். புளி, தக்காளி போட்டு அதில் கொதிக்கவிட்டால் படலம் போய்விடும். உன் கட்டுரையில் ‘பாரம்பரியம்’ ஏழு இடத்தில் வருகிறது, இதில் ஒன்றுகூட இல்லை.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள். 1992இல் முதல் பதிப்பு வந்தபோது வாங்கியது, இன்றும் என் மேசையில் இருக்கிறது. பொருளோடு நிற்காமல், அந்தச் சொல் வாக்கியத்தில் எப்படி வரும் என்றும் காட்டும். ஒற்று மிகுமா மிகாதா என்ற சந்தேகம் வாய்விட்டுப் படித்தால் பாதி தீரும். மீதிக்கு இலக்கணத்தைப் பார்த்துவிடு.

எண்களை மட்டும் தனியாக ஒருமுறை சரிபார். நான் வார இதழில் புரூஃப் பார்த்த காலத்தில், ஒரு சமையல் குறிப்பில் ‘கால் கரண்டி’ உப்பு ‘நாலு கரண்டி’ என்று அச்சாகிவிட்டது. வாக்கியம் சரியாக இருந்ததால் என் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. குழம்பைக் கீழே கொட்டியதாக ஒரு வாசகி எழுதிய கடிதத்தை வெகுநாள் வைத்திருந்தேன்.

பண விஷயம். வேலை தருபவர் புது ஆளென்றால் பாதியை முன்பணமாகக் கேள், கூச்சப்படாதே. வரி பிடித்திருந்தால் அது உன் வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார். கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வர வேண்டியது வரும்.

அப்பத்தாவின் கல் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா, சுட்டுப் பார். அப்புறம் அந்தக் கட்டுரையைத் திருத்து.

அன்புடன்,
அத்தை