மனு எழுதும் கை: பனமரத்துப்பட்டியின் இளம் மறுவாழ்வுப் பணியாளருக்கு ஒரு கடிதம்

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் மாற்றுத் திறனாளிகளிடையே பணியாற்றப் புதிதாக வந்திருக்கும் இளம் பணியாளருக்கு,

மறுவாழ்வுப் பணிக்கு வரும் இளைஞர் பெரும்பாலும் சில மாதங்களிலேயே மனு எழுதுபவராக மாறிவிடுகிறார். உதவித்தொகைக்கு ஒரு மனு, மூன்று சக்கர வண்டிக்கு ஒரு மனு, தனித்துவ அடையாள அட்டை வந்து சேராததற்கு இன்னொரு மனு என்று அவர் எழுதிக்கொண்டே இருக்க, கேட்க வந்தவரோ கைநாட்டு வைத்ததும் தம் பங்கு முடிந்தது என்று ஒதுங்கிக்கொள்கிறார். அலுவலகத்தில் இருப்பவர்களும் நாளடைவில் பணியாளரின் முகத்தைப் பார்த்தே பேசப் பழகிவிடுகின்றனர். காரியம் விரைவாக முடிவதால் இதில் பிழை இருப்பதாக எவருக்கும் படுவதில்லை. பணியாளர் மாற்றலாகிச் சென்ற பிறகுதான், எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்தவர் அந்த ஊரில் ஒருவரும் இல்லை என்பது தெரிகிறது. தமக்காகத் தாமே பேசுதல், அதாவது தம் தேவை இன்னது என்று தாமே வரையறுத்து, அதற்குரிய சட்டத்தையும் இடத்தையும் அறிந்து, தம் வாயாலோ சைகையாலோ எழுத்தாலோ கேட்டுப் பெறுதல் என்னும் திறனை வளர்ப்பதே இப்பணியின் மையம் என்பதும், மனு எழுதுவது அதற்கு அடுத்த நிலையில் உள்ள வேலையே என்பதும் இக்கடிதத்தின் கருத்து.

பனமரத்துப்பட்டி ஒரு பேரூராட்சி. அதே பெயரில் ஊராட்சி ஒன்றியமும் உண்டு. ஏரிக்கும் அரளித் தோட்டங்களுக்கும் பெயர் பெற்ற இவ்வட்டாரத்தில் ஜருகுமலை போன்ற மலையூரும் அடங்கும். உரிமை தொடர்பான முடிவுகளில் மிகுதியானவை சேலம் நகரில்தான் எடுக்கப்படுகின்றன: மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகம் அங்கே இருக்கிறது, ஊனத்தின் அளவை மதிப்பிடும் மருத்துவர்கள் பலர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கின்றனர், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத் திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. எனினும் உயரமான படிகளைக் கொண்ட பேருந்தில் ஏற முடியாதவருக்கு இலவசச் சீட்டால் ஆவது ஒன்றுமில்லை. ஆகவே சமூக வளங்களைக் கணக்கெடுக்கும் பணியாளர், அலுவலக முகவரிகளை மட்டும் பட்டியலிட்டு நிறுத்திவிடாமல், எந்த நடத்துநர் பேருந்தை நிறுத்தி ஏற்றிக்கொள்வார், எந்த வீட்டில் ஆட்டோ இருக்கிறது, வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி எந்தக் கிழமையில் நடக்கிறது என்பதையெல்லாம் சேர்த்தே குறித்து வைக்க வேண்டும்.

வீடு பார்க்கச் செல்லும் வேளையும் கவனத்துக்குரியது. அரளிப் பூப்பறிப்பு அதிகாலை வேலை. பெற்றோர் இருவரும் தோட்டத்துக்குப் போய்விட்டால், பெருமூளை வாதம் உள்ள குழந்தை அந்நேரத்தில் யார் பொறுப்பில் இருக்கிறது என்பது காலை பதினொரு மணிக்குப் படிவத்தோடு செல்பவரின் கண்ணில் படாது. முகாம் நாள் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும் என்பதால் வராமல் போன குடும்பத்தை 'அக்கறையற்றவர்கள்' என்று பதிவேட்டில் எழுதுவதைப் போன்ற அநீதி வேறில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை இளம் பணியாளருக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பரில் ஏற்ற மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கைக்கு இந்தியா 2007 அக்டோபர் 1-ஆம் நாள் ஒப்புறுதி அளித்தது. அதைப் பின்பற்றி இயற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களை மட்டுமே கண்டுகொண்டிருக்க, புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. அரசுப் பணியில் 4 விழுக்காடும் உயர்கல்வியில் 5 விழுக்காடும் இட ஒதுக்கீடு செய்ததைப் பலரும் அறிவர். அதனினும் ஆழமானது 'நியாயமான தகவமைப்பு' என்னும் கருத்து: ஒருவர் பிறரோடு சமமாகத் தம் உரிமையைத் துய்ப்பதற்கு, எதிர்த்தரப்பின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல், இடத்திலோ முறையிலோ நேரத்திலோ செய்து தரவேண்டிய மாற்றத்தை அது குறிக்கும். தேர்வில் எழுதுவதற்கு ஒரு துணையாள் தருவதும், மாடியில் நடக்கும் விசாரணையைக் கீழ்த்தளத்துக்கு இறக்குவதும் இதில் அடங்கும். எழுதும் கையில் பிடிப்பு ஏற்படும் ஒரு தேர்வருக்கு, 40 விழுக்காடு ஊனம் என்ற வரம்பைக் காட்டித் துணையாளை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தபோது இக்கருத்தே அடிப்படையாக நின்றது.

இவ்வளவு இருந்தும் ஆட்சியர் அலுவலகத்தில் குவியும் மனுக்களில் மிகப்பல 'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து' என்றே இன்னும் தொடங்குகின்றன. பணிவு தவறல்ல, அதிகாரியை மதித்து எழுதுவது இம்மண்ணின் வழக்கம், அதை மாற்றச் சொல்வதில் பொருளில்லை. ஆனால் கருணையை மட்டும் வேண்டும் மனுவுக்குக் கருணை வற்றிய நாளில் பதில் கிடைக்காது; பிரிவு எண்ணைக் குறிப்பிடும் மனுவை நிராகரிக்க வேண்டுமானால் காரணம் எழுதியாக வேண்டிய கட்டாயம் அலுவலருக்கு ஏற்படுகிறது.

மனுவின் தொழில்நுட்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டுமே இருக்க வேண்டும். வீட்டுமனைப் பட்டாவையும் உதவித்தொகையையும் ஒரே தாளில் கேட்டால் இரு துறைகளுக்கும் அது பொதுவாகி எவர் மேசையிலும் தங்காது. துறைகளைப் பிரித்தறிவது இரண்டாவது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு உடையோர், தசைச்சிதைவு நோய் உள்ளோர் முதலியோருக்கான, மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத் திறனாளிகள் நலத் துறையின் வழியே வருகிறது. 2023-இல் 1,500 ரூபாயாக உயர்ந்த மாற்றுத் திறனாளி ஓய்வூதியமோ வருவாய்த் துறையைச் சேர்ந்தது, அதற்கு வட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டும். ஒருவர் இவ்விரண்டில் ஒன்றையே பெறலாம் என்பது தெரியாமல் இரண்டுக்கும் விண்ணப்பித்து, இரண்டும் இழுபறியில் கிடப்பது ஊர்தோறும் நிகழ்வது.

மூன்றாவதே முதன்மையானது: மனுவின் சொற்கள் மனுதாரருடையனவாக இருக்க வேண்டும். பணியாளர் முதலில் அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு வரிசைப்படுத்தி, உரக்கப் படித்துக் காட்டி, 'இது நீங்கள் சொன்னதுதானா, விட்டுப்போனது ஏதாவது உண்டா' என்று கேட்டுத் திருத்த வேண்டும். காது கேளாதவராயின் சைகைமொழி அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். வீட்டார் சொல்வதையே அவர் சொன்னதாகக் கொள்ளுதல் ஆகாது. நகல் ஒன்றும் ஒப்புகைச் சீட்டும் மனுதாரரின் வீட்டில் இருக்க வேண்டுமே தவிரப் பணியாளரின் கோப்பில் அல்ல. அதிகாரியின் முன் நிற்கும் இரண்டு நிமிடத்தில் எதை முதலில் சொல்வது என்பதை முந்தைய நாள் வீட்டிலேயே பேசிப் பார்த்துக்கொள்வது நல்லது. அதிகாரியின் பார்வை வழக்கம்போலப் பணியாளரிடம் திரும்பும்போது, அவர் பதில் சொல்லாமல் மனுதாரரை நோக்கித் தலையசைப்பதே போதும். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுவின் நிலையைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பதோடு, எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்பதை எழுத்தில் இறக்கித் தர உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை என்றும் அச்சட்டம் கூறுகிறது. அதற்கும் அசையாதபோது மாற்றுத் திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு முறையிடலாம். அவர் பரிந்துரை செய்தால் உரிய அலுவலர் மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வொழுங்குக்கு விலக்கும் உண்டு. அடி, வன்கொடுமை, பட்டினி போடுதல் போன்றவை நடப்பதாகத் தெரிந்தால் பாதிக்கப்பட்டவர் தாமே பேசட்டும் என்று காத்திருப்பது குற்றத்துக்குத் துணைபோவதாகும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி எவரும் நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம்.

பேச்சு வராதவர், அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ளவர் எப்படித் தமக்காகப் பேசுவார் என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. இதற்கான முன்னோடி இன்னொரு சேலத்தில் இருக்கிறது: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகரான சேலத்தில், ஃபேர்வியூ என்னும் பெரிய காப்பகத்திலிருந்து வெளிவந்த அறிவுசார் குறைபாடு உடையவர்கள் 1974-இல் 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தாமே தொடங்கி, அவ்வாண்டின் பிற்பகுதியில் மாநாடும் நடத்தினர். உதவியாளர்கள் இருந்தனர், ஆனால் அவையில் பேசியவர்கள் அவர்களே. நம் சட்டமும் இத்திசையில் ஓரளவு நகர்ந்துள்ளது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கான 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவின் வழியாகப் பாதுகாவலரை நியமிக்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ 'வரம்புக்குட்பட்ட பாதுகாவலர்' என்ற முறையைக் கொண்டுவந்து, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, உரியவரின் விருப்பத்தை ஒட்டி, இருவரும் சேர்ந்தே முடிவெடுப்பதாக அதை வரையறுத்தது. இரண்டுக்கும் இடையிலான இழுவிசை இன்னும் தீரவில்லை. வங்கிக் கணக்கு தொடங்கவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் முழு வாழ்வுக்கும் பாதுகாவலரைக் கோரும் பெற்றோருக்கு, அந்த வேறுபாட்டைப் பொறுமையாக விளக்குவது பணியாளரின் கடமை. உணவில் எது, உடையில் எது, எந்த வேலை, யாரோடு என்ற சிறு தெரிவுகளை வீட்டில் அனுமதிக்காத குடும்பம், பெரிய முடிவுகளில் அவர் குரலைக் கேட்கப்போவதில்லை.

வளம் என்பது வெளியிலிருந்து வந்து இறங்குவது மட்டுமன்று என்பதற்குச் சேலத்திலேயே சான்று உண்டு. தசைச்சிதைவு நோய் மரபணுவால் வருவது. தசைகள் படிப்படியாக வலுவிழக்கும். ஒருமுறை பெற்ற ஊனச் சான்றின் விழுக்காடு சில ஆண்டுகளில் உண்மைக்குப் பொருந்தாமல் போய்விடும், நேற்றுப் போதுமானதாயிருந்த சக்கர நாற்காலி இன்று போதாமல் போகும். இந்நோயோடு வாழ்ந்த வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்னும் சகோதரிகள் சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையை நிறுவி, அதே நோய் கொண்டவர்களுக்குப் பயிற்சியும் பராமரிப்பும் கிடைக்க வழி செய்தனர். மூத்தவரான வானவன் மாதேவி 2017-இல் மறைந்தார். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விபத்துக்குள்ளாகிக் கழுத்துக்குக் கீழ் அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் இவ்வகையே. இவ்விரு அமைப்புகளிலும் எது தேவை என்பதைத் தீர்மானித்தவர், தேவை உள்ளவரே. வட்டாரத்தில் ஒரே வகைக் குறைபாடு உள்ள நான்கைந்து குடும்பங்களை மாதம் ஒருமுறை ஒரு திண்ணையில் உட்கார வைப்பது, புதுக் கட்டடம் கட்ட நன்கொடை திரட்டுவதைவிட முந்திய வேலை.

சாதனைக் கதைகளில் எச்சரிக்கை வேண்டும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிஸில் வெண்கலமும் வென்றது மாவட்டத்துக்கே பெருமை. ஆனால் அவரைக் காட்டி, படியேற முடியாத ஒரு பெண்ணிடம் 'மனம் இருந்தால் போதும்' என்று சொல்வது, சாய்தளம் கட்டவேண்டியவரின் கடமையை அப்பெண்ணின் தலையில் ஏற்றுவதாகும்.

இனி வரும் ஆண்டுகளில் பணியாளரின் கவனத்தை மிகுதியாகக் கோரப்போவது உள்ளாட்சி. 2025-இல் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் ஊராட்சிகள் சட்டமும் திருத்தப்பட்டு, மாற்றுத் திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்க வழி பிறந்தது. பேரூராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் அதன் கீழிருக்கும் கிராம ஊராட்சிகளும் இதில் அடங்குவதால், பனமரத்துப்பட்டி வட்டாரத்திலும் மன்ற அறைக்குள் மாற்றுத் திறனாளிகள் அமரும் வாய்ப்பு வந்துவிட்டது. அவ்விடத்துக்கு எவரும் எதிர்த்துப் பேசாத, தலையாட்டும் ஒருவரே தேடப்படும் அபாயம் உண்டு. பணியாளர் செய்யக்கூடியது, விண்ணப்ப அறிவிப்பு வரும் செய்தியை மலையூர் வரை கொண்டு செல்வதும், நியமிக்கப்படுபவருக்கு வரவு செலவுத் திட்டத்தையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பையும் படிக்கக் கற்றுத் தருவதுமே. கிராம சபையில் ஆண்டுக்கு ஆறு முறை இக்குரல்கள் ஒலிக்க இடமுண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் நடக்கும் இடத்துக்குச் சக்கர நாற்காலி வருமா என்று ஒரு வாரம் முன்பே பார்த்துவைத்தால் நல்லது.

நீதிமன்றம் வரை போக வேண்டிய வழக்குகளும் சில எழும். வழக்குச் செலவுக்கு அஞ்சிப் பின்வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு செய்தியைத் தவறாமல் சொல்ல வேண்டும்: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மாற்றுத் திறனாளிகளைத் தனிப் பிரிவினராகவே இலவசச் சட்ட உதவிக்கு உரியவராக்கியிருக்கிறது, சேலத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் அவர்கள் தாமே விண்ணப்பிக்கலாம், அதற்கு வருமான வரம்பு கிடையாது.