பல் பிடுங்கிய பின் உண்ணத்தக்க மென்மையான உணவுகள்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்
மீட்டற் குறிப்பு

1. அறிமுகம்

பல் பிடுங்கியவர் மென்மையான உணவை உண்ண வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் "ஏன்?" என வினாவினால் மாணவர் பலர் "வலிக்கும் என்பதால்" என்று மட்டும் எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். வலி ஒரு காரணமே. பிரதான காரணம், பற்குழியில் உண்டாகும் குருதிக்கட்டியைப் பாதுகாத்தல் ஆகும். இதனை விளங்கிக்கொண்டால் ஏனைய விடைகளை மனனம் செய்யத் தேவையில்லை.

2. பற்குழியில் நிகழ்வது யாது?

பல் அகற்றப்பட்டதும் தாடையென்பில் அது இருந்த குழி திறந்த காயமாகின்றது. அக்குழியில் குருதி நிரம்புகின்றது. குருதிச் சிறுதட்டுகள் ஒன்றுசேர்கின்றன. குருதித் திரவவிழையத்தில் கரைந்துள்ள பைபிரினோஜன் என்னும் புரதம், கரையாத பைபிரின் இழைகளாக மாறி வலைபோல் அமைகின்றது. அவ்வலையில் குருதிக் கலங்கள் சிக்குவதால் குருதிக்கட்டி உண்டாகின்றது. பஞ்சுத்துணியை ஏறத்தாழ அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருக்குமாறு பல் வைத்தியர் கூறுவது இதற்காகவே.

குருதிக்கட்டியின் தொழில்கள்:
• குருதி வடிதலை நிறுத்தல்.
• குழியிலுள்ள என்பையும் நரம்பு முனைகளையும் மூடிப் பாதுகாத்தல்.
• புதிய இழையம் வளர்வதற்குத் தளமாதல்.

முரசு மூடுவதற்குச் சில வாரங்களும், குழி என்பினால் நிரம்புவதற்குச் சில மாதங்களும் எடுக்கும். கட்டி இடையில் கழன்றுவிட்டால் என்பு வெளித்தெரியும். இந்நிலை உலர் பற்குழி எனப்படும். பெரும்பாலும் 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் கடும் வலி தொடங்கிக் காதுப்பக்கம் பரவும். வாயில் துர்நாற்றம் வீசும்.

3. உணவு ஒழுங்கு

(அ) விறைப்பு நீங்கும் வரை
விறைப்பு ஊசியினால் உதடு, கன்னம், நாக்கு என்பன சில மணி நேரம் உணர்ச்சியற்றிருக்கும். இவ்வேளையில் உண்டால் கன்னத்தைக் கடித்தாலும், வாய் சுட்டாலும் தெரியாது. எனவே உணவைத் தவிர்த்து, நீரை மாத்திரம் சிறிது சிறிதாக அருந்தலாம்.

(ஆ) முதல் 24 மணித்தியாலம்
நன்கு ஆறிய அரிசிக் கஞ்சி, பாற்கஞ்சி, தயிர், யோகட், மசித்த வாழைப்பழம், கச்சான் அல்லது கஜு சேராத ஐஸ்கிறீம்.

(இ) 2ஆம், 3ஆம் நாட்கள்
குழைந்த சோறும் பருப்பும், உறைப்பில்லாத சொதியில் ஊறிய இடியப்பம், பாலில் ஊறிய பாண், மசித்த உருளைக்கிழங்கு, பூசணி, மென்மையாக அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், கனிந்த பப்பாசி.

(ஈ) அதன் பின்னர்
வலி குறையக் குறைய, மறுபக்கப் பற்களால் மென்று வழமையான உணவுக்குப் படிப்படியாகத் திரும்பலாம்.

4. தவிர்க்க வேண்டியவையும் காரணங்களும்

• முறுக்கு, மிக்சர், கச்சான் – கூரிய துணிக்கைகள் காயத்தைக் கீறும், குழியில் தங்கும்.
• கொய்யா போன்ற சிறு விதையுள்ள பழங்கள் – விதைகள் குழியில் சிக்கும்.
• ரொபி – ஒட்டும் தன்மையால் கட்டியை இழுக்கும்.
• கொதிக்கும் தேநீர், சூப் – சூட்டினால் குருதி மீண்டும் வடியலாம்.
• மிளகாய், புளிப்பு – காயத்தை எரியச் செய்யும்.
• புகைத்தல், மதுபானம், வெற்றிலை – காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

கவனிக்க: திரவ உணவெல்லாம் பொருத்தமானதல்ல. ஒடியற் கூழ் திரவமாயினும் அதில் உறைப்பும் மீன் முள்ளும் நண்டு ஓடும் உண்டு. அவ்வாறே, இளநீர் நல்லதாயினும் அதனை உறிஞ்சு குழாயால் குடித்தல் தவறு. உறிஞ்சும்போது வாயினுள் அமுக்கம் குறைவதால் கட்டி கழன்றுவிடலாம். கோப்பையில் ஊற்றிக் குடிக்க வேண்டும். முதல் நாளில் பலமாகத் துப்புதலும் கொப்பளித்தலும் கூடா. 24 மணித்தியாலத்தின் பின், ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின் மெதுவாக அலசலாம்.

5. போசணையைக் கைவிடலாகாது

சிலர் பயத்தினால் இரண்டு மூன்று நாட்கள் வெறுந் தேநீருடன் இருப்பர். இது தவறு. புதிய இழையம் உருவாகப் புரதம் அவசியம். இழையத்தை உறுதியாக்கும் கொலாஜன் உண்டாக விற்றமின் சி தேவை. பாலும் முட்டையும் வாங்க வசதியில்லாத வீட்டிலும் குழைந்த சோற்றுடன் பருப்பைச் சேர்த்துக் கொடுக்கலாம். அரிசியில் குறைவாகவுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பருப்பும், பருப்பில் குறைவாகவுள்ள மெதியோனைனை அரிசியும் ஈடுசெய்கின்றன. கனிந்த பப்பாசி விற்றமின் சி யைத் தரும்.

6. மீண்டும் வைத்தியரை நாட வேண்டிய நிலைகள்

அழுத்திக் கடித்தும் குருதி நில்லாமை, நாட்செல்ல வலி கூடுதல், காய்ச்சல், வீக்கம் பெருகுதல், வாய் திறக்க முடியாமை. விழுங்கவோ மூச்சு விடவோ கடினமாயின் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

7. மாதிரி வினா

பல் பிடுங்கிய மாணவன் ஒருவன் அன்று மாலையே குளிர்பானத்தை உறிஞ்சு குழாயால் குடித்து, மிக்சரும் உண்டான். மூன்றாம் நாள் காது வரை கடும் வலி ஏற்பட்டது.
(i) அவனுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய நிலை யாது?
(ii) அவன் செய்த தவறுகள் இரண்டைக் காரணத்துடன் தருக.
(iii) அவன் இப்போது செய்ய வேண்டியது யாது?

விடைக்குறிப்பு
(i) உலர் பற்குழி.
(ii) உறிஞ்சியமை – அமுக்கக் குறைவால் கட்டி கழன்றிருக்கலாம். மிக்சர் உண்டமை – கூரிய துணிக்கைகள் காயத்தையும் கட்டியையும் பாதிக்கும்.
(iii) வலி மாத்திரையுடன் காத்திராது பல் வைத்தியரிடம் செல்லல். அவர் குழியைக் கழுவி மருந்திடுவார்.

குறிப்பு: காரணம் கேட்கும் வினாக்களில் உணவின் பெயரை மாத்திரம் எழுதாது, அது குருதிக்கட்டிக்கு அல்லது காயத்துக்குச் செய்வதையும் சேர்த்து எழுதுக.