சேவல் கூவும் வீடும் அண்டை வீட்டாரின் உரிமையும்

 

நம் மஹல்லாவில் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகள் கூடிவிட்டன. முட்டைக்கு முட்டையும் ஆயிற்று, விருந்தாளி வந்தால் கறிக்கும் ஆயிற்று. கூடவே டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் புகார்களிலும் ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. "அடுத்த வீட்டுச் சேவல் மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது, தூங்க முடியவில்லை." சொல்பவர்களில் நம்மவர்களும் உண்டு, மாற்று மதச் சகோதரர்களும் உண்டு.

கோழி வைத்திருப்பவர்களை அழைத்துப் பேசினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "சேவலை ஏசக் கூடாது என்று ஹதீஸ் இருக்கிறதே ஹஜ்ரத்! தொழுகைக்கு எழுப்புகிற பிராணிக்கா புகார்?" இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஹதீஸ் இருப்பது உண்மைதான். சேவலை ஏச வேண்டாம், அது தொழுகைக்கு எழுப்புகிறது என்ற கருத்தில் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. சேவல் கூவுவதைக் கேட்டால் அல்லாஹ்வின் அருளைக் கேளுங்கள், அது ஒரு வானவரைப் பார்த்திருக்கிறது என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஆனால் இரண்டும் யாரிடம் பேசுகின்றன என்று கவனியுங்கள். கூவலைக் கேட்கிறவரிடம் பேசுகின்றன. கேட்பவர் தம் நாவை அடக்க வேண்டும், துஆ கேட்க வேண்டும். சேவலின் சொந்தக்காரர் அதை எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் கூவவிடலாம் என்ற சலுகை இவற்றில் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. சேவல் கூவுவது ஃபஜ்ர் நேரத்துக்கு மட்டும் அல்ல. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சேவலின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருப்பதையும், வெளிச்சம் வருவதற்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்பே அது கூவத் தொடங்குவதையும் கண்டார்கள். நாள் முழுவதும் ஒரே மங்கலான வெளிச்சத்தில் வைத்தபோதும் அது தன் கணக்குப்படி கூவியிருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்றும் இதோடு ஒத்துப்போகிறது. நபி (ஸல்) அவர்கள் சேவல் கூவும் ஓசை கேட்டு இரவுத் தொழுகைக்கு எழுவார்கள் என்கிறது அது. ஆக, சேவல் எழுப்புவது பெரும்பாலும் தஹஜ்ஜுத் நேரத்தில். நமக்கே நஃபிலான ஒன்றைப் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் மீதும், அவர் மாமனாரின் மீதும் கட்டாயமாக்க நாம் யார்?

நபி (ஸல்) அவர்கள் அடுத்தவரின் தூக்கத்தை எப்படி மதித்தார்கள் என்பதற்கு முஸ்லிமில் மிக்தாத் (ரலி) அவர்களின் நீண்ட அறிவிப்பு இருக்கிறது. மிக்தாதும் அவருடைய தோழர்கள் இருவரும் பசியால் களைத்துப்போய் நபியவர்களிடம் தங்கியிருந்த காலம் அது. நபியவர்கள் இரவில் வரும்போது, விழித்திருப்பவர் கேட்கும் அளவுக்கும் தூங்குபவர் எழுந்துவிடாத அளவுக்கும் குரலை வைத்து ஸலாம் சொல்வார்கள். ஸலாம் சொல்வது ஒரு துஆ. அதையே தூங்குபவருக்காகத் தணித்துச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

குர்ஆன் ஓதுவதிலும் இதே நிலைதான். பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது சிலர் உரக்க ஓதுவதைக் கேட்டு நபியவர்கள் திரையை விலக்கி, ஒவ்வொருவரும் தம் இறைவனோடு உரையாடிக்கொண்டிருக்கிறீர்கள், ஒருவர் மற்றவருக்குத் தொல்லை தர வேண்டாம் என்ற கருத்தில் சொன்னதாக அபூதாவூதில் உள்ளது. குர்ஆன் ஓதும் குரலுக்கே எல்லை வைத்த மார்க்கத்தில், நம் வீட்டுச் சேவலுக்கு விலக்குக் கேட்பது நியாயமா?

அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் உறவினரான அண்டை வீட்டாரையும், அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே சொல்கிறது. புகார் சொன்னவர் வேறு மதத்தவர் என்றால் இதை இன்னும் அழுத்தமாக நினைவில் வையுங்கள். "பாய், ராத்திரி தூக்கமே இல்லை பாய்" என்று ஒருவர் கதவைத் தட்டினால் அவர் பேசுவது தூக்கத்தைப் பற்றித்தான். அதைக் கேட்ட இளைஞர்கள் சிலர், "இன்றைக்குச் சேவல், நாளைக்குப் பாங்கு" என்று தெருமுனையில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்தான பேச்சு. இரண்டு வீட்டுக்காரர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடியது, இரண்டு சமுதாயத்தின் பிரச்சினையாக மாறுவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். வீட்டிலுள்ள பெரியவர்கள் இதை அங்கேயே தடுத்துவிட வேண்டும்.

சட்டமும் தெரிந்திருப்பது நல்லது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதிக்கப்பட்ட அளவு 45 டெசிபல். பக்கத்தில் நின்று அளந்தால் சேவலின் கூவல் 100 டெசிபலையும் தாண்டும். 2025இல் கேரளத்தின் அடூரில் இப்படி ஒரு புகார் வருவாய்க் கோட்டாட்சியர் வரை போனது. அதிகாலை 3 மணிக்கே கூவல் தொடங்குகிறது என்பதுதான் அண்டை வீட்டாரின் குறை. மாடியிலிருந்த கோழிக்கூட்டை 14 நாட்களுக்குள் வீட்டின் தெற்குப் பக்கத்துக்கு மாற்ற உத்தரவானது. பிரான்சில் 2019இல் மோரிஸ் என்ற சேவலின் பக்கம் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதை யாராவது எடுத்துக்காட்டலாம். அது தோட்டங்கள் உள்ள தீவில், விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்கள் போட்ட வழக்கு. ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் நம் தெருவுக்கு அது பொருந்தாது.

சரி, என்ன செய்யலாம்? முட்டைக்காகத்தான் வளர்க்கிறீர்கள் என்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டைக்கோழி முட்டையிடும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். பலருக்கு இது தெரிவதில்லை. குஞ்சு வேண்டும் என்றாலும் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு மூன்று இருந்தால் ஒன்று கூவ மற்றது பதில் சொல்லும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இரவில் மொட்டை மாடியில் விடாமல் கீழே கொண்டுவந்து, காற்றோட்டமுள்ள இருட்டான இடத்தில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். தெருவிளக்கு வெளிச்சமும் வண்டி வெளிச்சமும் படக் கூடாது. உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தை இருட்டு நிறுத்திவிடாது. ஆனாலும் கூவல் குறையும், சத்தம் சுவர் தாண்டிப் போவதும் குறையும். கழுத்தில் பட்டை கட்டிக் கூவலை அடக்கும் முறை ஒன்று உண்டு. இறுகினால் மூச்சு முட்டும், அது வேண்டாம். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

இதற்கும் அடங்காவிட்டால் கத்திக்கு வேலை வரும். அறுத்துச் சமைத்து, ஒரு கிண்ணத்தை அந்த வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள். அவர்கள் சைவமாக இருந்தால் பழமாக அனுப்புங்கள்.

புகார் சொல்லும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. புகார் சொல்வது தவறல்ல. அண்டை வீட்டான் தொல்லை தருகிறான் என்று முறையிட்டவரை நபியவர்கள் கண்டிக்கவில்லை. முதலில் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள், பிறகு வழியும் காட்டினார்கள். ஆனால் தூக்கம் கெட்ட கோபத்தில் விடியற்காலையிலேயே போய்க் கத்தாதீர்கள். அஸருக்குப் பிறகு போங்கள். வாசலில் நின்று பேசாமல் உள்ளே உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை மணிக்குக் கூவுகிறது, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு இரவு வேலை என்பதைச் சொல்லுங்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். கல்லெறிவதும் விஷம் வைப்பதும் ஹராம்.

இரண்டு தரப்பும் பேசி முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ். சேவலைக் கொடுத்துவிட விரும்புகிறவர்கள் முன்கூட்டிச் சொன்னால், ஊருக்கு வெளியே தோப்பு வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் வந்து எடுத்துக்கொள்வார். அலுவலகத்தில் இரண்டு பெரிய பஞ்சாரங்களும் இருக்கின்றன, தேவைப்படுவோர் வாங்கிச் செல்லலாம்.